கற்றாழைத் தொட்டியும் தேர்ட் பார்ட்டியும்

திருவண்ணாமலைக்கு வருகிற அத்தனை பேரும் அண்ணாந்து மலையைப் பார்ப்பார்கள். அண்ணாந்து அடுத்தவன் வீட்டு மொட்டைமாடிப் பூந்தொட்டியைப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் தெரு தேர்ட் பார்ட்டிதான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. விசிட்டிங் கார்டில்கூடப் போட்டிருந்தார், யாரும் படித்ததில்லை. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். மற்ற ஏஜென்டுகள் நாம் செத்தால் என்ன ஆகும் என்று வயிற்றில் புளியைக் கரைப்பார்கள். இவர் நம்மால் அடுத்தவன் செத்தால் என்ன ஆகும் என்று கரைப்பார். "பைக்குக்கு தேர்ட் பார்ட்டி போட்டிருக்கீங்க. வீட்டுக்கு?" என்பதுதான் அவர் வணக்கம் சொல்லும் விதம்.

"வீடு எங்க சார் போய் யாரை இடிக்கப் போவுது? நின்ன இடத்துலயே நிக்குது" என்று முதல் நாள் கேட்டுத் தொலைத்தேன். உடனே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"டைல்ஸ்ல தண்ணி கெடக்கு, நீங்க துடைக்கல. வந்தவரு வழுக்கி இடுப்பை ஒடச்சிக்கறாரு. உங்க டேங்க் வழிஞ்சு பக்கத்து வீட்டு டிவி போவுது. உங்க கவனக்குறைவால அடுத்தவங்க உடம்புக்கோ சாமானுக்கோ சேதம் வந்து, அவங்க கோர்ட்டுக்குப் போனா யாரு சார் குடுக்கறது? வீட்டு பாலிசியில அதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு. நீங்க வேணும்னே பண்ணா கிடையாது. உங்க குடும்பத்து ஆளுங்களுக்கு அடிபட்டாலும் கிடையாது. அடுத்தவங்களுக்கு மட்டும்தான்."

அன்று மதியம் என் சாப்பாடு ஆறிப்போனது.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் எங்கள் வீடு. மாடியில் அறை கட்டி வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அந்த வருமானத்தில்தான் குடித்தனம் ஓடுகிறது. மொட்டைமாடிச் சுவரின் மேல் என் மனைவி ஒரு கற்றாழைத் தொட்டி வைத்திருந்தாள். தேர்ட் பார்ட்டிக்கு அது கண்ணில் விழுந்த தூசி. தெருவில் போகும்போதெல்லாம் நின்று அதையே முறைப்பார்.

"மேடம், அதைக் கீழ எறக்கிடுங்க."

"திருஷ்டிக்கு வச்சது தம்பி."

"திருஷ்டி கழியும் மேடம். கீழ போறவன் மண்டையும் சேர்ந்து கழியும்."

"குரங்கு தள்ளினா நாங்க என்ன பண்றது?"

"தள்ளினது குரங்குதான். விளிம்புல வச்சது குரங்கா?"

இதற்கு மேல் அந்த ஆளிடம் என்ன பேசுவது? ஆனால் என் பொறுமை நிஜமாகவே போனது வேறொரு நாளில். மாடி அறையில் தங்கியிருந்த வெளிநாட்டு அம்மாள் எங்கள் தென்னைமரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இந்த மனிதர் போய், அவர் தியானம் கலையும்வரை மரியாதையாகக் காத்திருந்து, தலையில் தேங்காய் விழுந்தால் என்னென்ன உடையும் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கையால் நடித்தும் காட்டி விளக்கியிருக்கிறார். அந்த அம்மாள் மறுநாளே அறையைக் காலி செய்துவிட்டார்.

நான் கத்திய கத்தல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். அவர் அசரவில்லை. "கோவம் ஜாஸ்தியா வருது சார். அவங்களுக்கு அடிபட்டிருந்தா அவங்களுக்கு இதைவிட ஜாஸ்தியா வந்திருக்கும்" என்றார். ஆளை ஒழித்தால் போதும் என்றுதான் பாலிசி போட்டேன். மாடியை வாடகைக்கு விடுவதைச் சொல்லாமல் போடலாம் என்று பார்த்தால் விடவில்லை. "மறைச்சா அப்புறம் கம்பெனி கையை விரிச்சிடும்" என்று அதையும் சொல்ல வைத்தார். போட்டபின் வருவது நிற்கும் என்று நினைத்தேன். தினமும் வர ஆரம்பித்தார்.

இப்போது பயிற்சியாம். யாருக்காவது அடிபட்டால் தண்ணீர் கொடுக்கலாம், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம், உடனே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். ஆனால் 'என் தப்பு' என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. கம்பெனியைக் கேட்காமல் ஒப்புக்கொண்டால் பாலிசிக்கே ஆபத்து. ஒருநாள் டீக்கடையில் ஒருவர் சட்டையில் டீயைக் கொட்டிவிட்டு "சாரிங்க, என் தப்புதான்" என்றேன். எங்கிருந்துதான் முளைத்தாரோ, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "இன்னா சார் நீங்க, வாயில வரக்கூடாதுன்னு எவ்ளோ சொல்லியிருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். டீக்கு எந்தப் பாலிசி?

என் மனைவி தட்டில் தோசை வைத்துக் கொடுத்தால் வாசல் கேட்டருகே நின்றுதான் சாப்பிடுவார். ஆனால் 'தம்பி' என்றால் மட்டும் முகம் மாறிவிடும். "தோசை வேணாங்கல மேடம், உறவுதான் வேணாம். நாளைக்கு எனக்கே உங்க வீட்ல அடிபட்டா, குடும்பத்து ஆளுன்னு எவனாவது சொல்லிட்டா? நான் வெளியாளாவே இருந்துக்கறேன்." சொல்லிவிட்டுத் தட்டை நீட்டி இன்னொரு தோசையும் கேட்டு வாங்கிக்கொள்வார்.

கார்த்திகை தீபத்தன்று எங்கள் மாடியில் ஜனம் நெரிந்தது. தேர்ட் பார்ட்டி மத்தியானமே வந்து, யாரும் சுவரை நெருங்காதபடி கயிறு கட்டினார். வந்தவர்கள் அதில் துண்டை உலர்த்தினார்கள். "பூஜை முடிஞ்சதும் எறக்கிடறேன்" என்று மனைவி சொன்ன கற்றாழை அங்கேயே இருந்தது. அவர் கீழே போய், சுவரோரமாகப் போகிறவர்களை "அந்தாண்ட போங்க, அந்தாண்ட போங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டில் எனக்கு என்ன கயிறு என்ற வீம்பில் நான் மட்டும் அதைத் தாண்டிச் சுவரோரம் நின்றேன்.

ஆறு மணிக்கு மலையுச்சியில் சுடர் தெரிந்தது. "அரோகரா!" அந்த நொடியில் இந்த ஊரில் எவன் கையும் கீழே இருக்காது, எவன் கண்ணும் தன் பக்கத்தில் இருக்காது. என் இரண்டு கையும் தலைக்கு மேலே போயின. போகிற வழியில் முழங்கை எதிலோ இடித்தது. கீழே அவரும் விரட்டுவதை மறந்து, மலையைப் பார்த்துக் கையைத் தூக்கி நின்றிருக்கிறார்.

ஓடிப்போய்ப் பார்த்தால் மண்ணும் கற்றாழையுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். தொட்டி சரியாகக் காலில் விழுந்திருந்தது. "ஐயோ சார், என் தப்பு..."

அவர் காலைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் தன் காதைப் பொத்திக்கொண்டார். "நான் ஒண்ணும் கேக்கல சார்! ஒண்ணும் சொல்லாதீங்க!"

"எங்க மேலதான் தப்பு தம்பி" என்று என் மனைவி அழுதாள்.

"தம்பியா? மேடம், நாலு பேரு இருக்காங்க, மெதுவா பேசுங்க!"

தீபத்தன்று ஆட்டோவுக்கு எங்கே போவது? பூக்காரர் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு தள்ளிப் போனோம். வழியெல்லாம் "கம்பெனிக்கு போன் பண்ணீங்களா?" என்று என்னை நச்சரித்தார். பாதத்தில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு.

தனியாள். சமைத்துக் கொடுக்க யாருமில்லை. எங்கள் மாடி அறையில் வந்து இருங்கள் என்று கெஞ்சினோம். "ஒரே வீட்ல இருந்தா குடும்பம்னு எழுதிடுவான்" என்று சொல்லிவிட்டு, கட்டுப்போட்ட காலோடு தன் அறையின் படிகளைத் தவழ்ந்து ஏறினார். அடிக்கலாமா என்றிருந்தது எனக்கு. மூன்று வேளையும் என் மனைவிதான் சாப்பாடு கொண்டுபோனாள்.

விசாரிக்கக் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி அவர் அறைக்கு வந்தார். நான் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்றேன். தேர்ட் பார்ட்டி ஆரம்பித்தார். "எத்தனை வாட்டி சொன்னேன் சார் இந்த ஆளுகிட்ட! விளிம்புல தொட்டி. கயிறு கட்டினா தாண்டிப் போறாரு. இவ்ளோ கவனமில்லாத மனுஷனை நான் பார்த்ததே இல்ல." என் முகம் சுண்டிப்போனது. அதிகாரி குனிந்து எழுதும்போது தேர்ட் பார்ட்டி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அப்போதுதான் உறைத்தது. என் கவனக்குறைவு நிரூபணமானால்தான் பாலிசி கொடுக்கும். அதை நான் சொல்லக் கூடாது, அடிபட்டவர் சொல்லலாம். என்னை இவ்வளவு கேவலமாகப் பேசி எனக்கு நல்லது செய்தவர் வேறு யாருமில்லை.

"இவங்க உங்களுக்கு சொந்தமா?" என்று அதிகாரி கேட்டார்.

"சேச்சே, யாருமே இல்ல சார்" என்றார் அவர், என் மனைவி வைத்த ரசத்தைக் குடித்தபடி.

ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கொடுத்துவிட்டது. இப்போது கொஞ்சம் விந்தி நடக்கிறார், எங்கள் தென்னைமரத்தை முறைக்கிறார். விசாரிக்க வந்த அன்று கிளம்பும்போது அதிகாரி வாசலில் என்னையும் தனியாக நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டார். "எங்களுக்கு எந்த உறவும் இல்லைங்க" என்றேன். சத்தியமான பதில்தான். ஆனாலும் பொய் சொல்கிறவன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.