முட்டுச்சந்துக்கு ஒரு திசை வலை

சாலைப் பொறியாளராகப் பேர் வாங்கியிருக்கும் என் அன்புத் தங்கை மகளுக்கு, உன் தாய்மாமன் மனமார்ந்த ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, குழந்தை எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று எழுதியது உடம்பைப் பற்றி மட்டும்தான். மனது நேற்று காலையிலிருந்து என் வசத்தில் இல்லை. நேற்று எங்கள் தெரு நகர்ந்தது, மருமகளே. தெருவில் ஏதோ நகர்ந்தது என்று படித்துவிடாதே. தெருவே நகர்ந்தது. என் கண்ணால் பார்த்தேன். அதன் மேல் உட்கார்ந்துகொண்டே பார்த்தேன்.

எங்கள் தெரு களிமண் தெரு, எத்தனை லோடு கல் கொட்டினாலும் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கும் என்பது உனக்குத் தெரியும். கடைசி வீட்டுத் தையல்காரம்மாவின் கணவருக்குச் சிறுநீரகம் பழுது. ரத்தம் சுத்தம் செய்ய அடிக்கடி ஆஸ்பத்திரி போகிறவர். போன மாதம் அவரை ஏற்றிப்போக வந்த ஆம்புலன்ஸ் பாதித் தெருவில் புதைந்துபோனது. அன்றைக்கே குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டினோம். சாலைக்கு அடியில் ஜியோகிரிட் என்று ஒரு பிளாஸ்டிக் வலை விரித்து, அதன் மேல் ஜல்லி போட்டால் புதையாது என்று எதிர்வீட்டு வக்கீல் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னார். சொன்னவர் அதோடு நிறுத்தாமல் ஒரு பொறியாளரைக் கூப்பிடலாம் என்றும் சொன்னார். சங்கத் தலைவன் என்ற முறையில் நான் எழுந்து, எங்கள் குடும்பத்திலேயே பொறியாளர் இருக்கிறாள், வெளியாள் எதற்கு என்று கேட்டு அவரை உட்கார வைத்தேன். உனக்கும் போன் போட்டேன். நீ அவசரத்தில் இருந்தாய். "மாமா, மண்ணைச் சோதிக்காம வலையை வாங்கிடாதீங்க. என்ன வண்டி போகுது, என்ன அளவு ஜல்லி போடறீங்க, அதெல்லாம் சொல்லுங்க. எது வேணும்னு நான் எழுதி அனுப்பறேன்" என்றாய். ஆயுசு முழுக்க மருந்துக் கடை நடத்தியவன் நான். டாக்டர் சீட்டு இல்லாமல் வந்தவருக்கு, அவர் டாக்டரின் மாமனாராகவே இருந்தாலும், ஒரு மாத்திரை கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவன் உன் சீட்டுக்குக் காத்திராமல் வலை வாங்கப் புறப்பட்டேன். மண்ணைச் சோதிப்பதாவது, மண்ணுக்கு என்ன சர்க்கரை வியாதியா என்று உன் அத்தையிடம் கேட்டேன். அவள் போனை எடுத்து மறுபடி என் கையில் வைத்தாள். அதையாவது கவனித்திருக்கலாம்.

கடைக்காரர் என்னைப் பார்த்து, ஒரு திசையில் பலம் உள்ள வலையா, இரண்டு திசையிலும் பலம் உள்ளதா என்று கேட்டார். பலத்துக்குத் திசை உண்டு என்பதே எனக்கு முதல் அதிர்ச்சி. காட்டிக்கொள்ளாமல், "எங்க தெரு முட்டுச்சந்து. ஒரு திசையே போதும்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது, உள்ளே போன வண்டி திரும்பி வருவது இன்னொரு திசை ஆகாதா என்று வக்கீல் கேட்டார். கோர்ட்டிலும் இந்த மனிதர் இப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன். வலையின் ஓட்டைகள் ஒல்லியாக நீளமாக இருந்தன. ஜல்லி வாங்கும்போது, பெரிய கல்தான் பலம் என்று தேங்காய் அளவுக் கல்லாகப் பார்த்து ஏற்றிவிட்டேன். ஒரு கல்லும் எந்த ஓட்டையிலும் இறங்கவில்லை. எல்லாம் வலைக்கு மேலே விருந்தாளி மாதிரி ஒட்டாமல் உட்கார்ந்திருந்தன.

நேற்று காலை திறப்பு விழா. தெருவின் வாய்ப்பக்கம் இன்னும் கல் கொட்டவில்லை, வெறும் வலைதான். அது கண்ணுக்கு நன்றாக இல்லை என்று அதன் மேல் ஒரு கம்பளத்தை விரித்து, நாற்காலி போட்டு, பெரியவர்களை உட்கார வைத்திருந்தோம். வக்கீல் அதே கம்பளத்தில் நின்று, எதிரே நின்ற கூட்டத்திடம் பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால், கல்லை அழுத்த வந்த ரோலர் வண்டி திரும்பியது. வலையின் நுனி சுருண்டு மேலே நின்றிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. ரோலர் அதைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தது. முதலில் தலை சுற்றுகிறது என்றுதான் நினைத்தேன். பார்த்தால், என் வீட்டுக் கேட் என்னைத் தாண்டிப் போகிறது. கம்பளம், நாற்காலி, நாங்கள், எல்லோரும் வரிசை கலையாமல், மெதுவாக, ரோலரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம். வக்கீல் பேச்சை நிறுத்தவில்லை. கூட்டம்தான் பின்னால் போகிறது என்று நினைத்துக் குரலை உயர்த்தினார். உன் அத்தை மட்டும் எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, சாலையிலிருந்து இறங்கி, ரோலர் ஓட்டுநரிடம் நடந்து போய், "நிறுத்துப்பா" என்றாள். எங்கள் உயிர் அந்த ஒரு வார்த்தையில் மிஞ்சியது. மிச்சத் தெருவில் பெரிய கல்லெல்லாம் மாலைக்குள் சரிந்து கிடந்தது. சேறு ஓட்டை வழியாக மேலே வந்து எட்டிப் பார்த்தது.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ஒரு திசை வலை மண்சுவரைச் சரியாமல் இழுத்துப் பிடிக்கிறதற்காம். சாலையில் சக்கரத்தின் பாரம் நாலாபக்கமும் பரவுவதால் அதற்கு இரண்டு திசையிலோ எல்லாத் திசையிலுமோ பலம் வேண்டுமாம். ஜல்லியின் முனை ஓட்டைக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டுமாம், அதற்கு ஓட்டையும் கல்லும் ஜோடிப் பொருத்தம் பார்த்து வாங்க வேண்டுமாம். களிமண்ணென்றால் சேறு மேலே வராமல் அடியில் ஒரு துணியும் விரிக்க வேண்டுமாம். "நீங்கதான் முட்டுச்சந்துன்னு சொன்னீங்களே சார்" என்றார்.

இன்று காலை ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வர மாட்டேன் என்று முக்கிலேயே நின்றுவிட்டது. நானும் வக்கீலும் தையல்காரம்மாவின் கணவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு, நான் வாங்கிப் போட்ட கல்லிலேயே தடுக்கித் தடுக்கிப் போனோம். அவர் எடை ஒன்றுமே இல்லை, மருமகளே. அதுதான் கனமாக இருந்தது. தையல்காரம்மா பின்னாலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். என்னைத் திட்டவில்லை. "வண்டி வாசலுக்கு வந்தாப் போதும்ண்ணே. சாலை அழகா எல்லாம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே மண் சோதிக்கிறவரைக் கையோடு வரச் சொல்லிவிட்டேன். எந்த வலை, எந்தக் கல், எந்தத் துணி என்று நீ எழுதி அனுப்பு. ஓர் எழுத்து மாற்றாமல் வாங்குகிறேன். குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீ போடும் சாலையெல்லாம் போட்ட இடத்திலேயே இருக்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மண் சோதிக்கிறவர் வந்துவிட்டார். தோண்டினார். மண் அத்தனை மோசமில்லையாம். அடியில் தண்ணீர் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. உன் அத்தை ஏதோ சந்தேகப்பட்டு நம் வீட்டுக்கு வரும் குழாயின் வால்வை மூடினாள். குமிழ் நின்றது. திறந்தாள், வந்தது. மறுபடியும் மூடினாள், நின்றது. இத்தனை காலமும் தெருவை ஊற வைத்தது நம் வீட்டுக் குழாய்தான். அதை அடைத்துக் காயவிட்டால், வலையே இல்லாமல் சாதாரண ஜல்லி போட்டாலே வண்டி போகும் என்கிறார் மண் சோதிக்கிறவர். வக்கீல் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். வீட்டுக்குள் போய்க் கோர்ட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டோடு நம் வாசலில் வந்து நிற்கிறார். வலையைப் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம்.