மெமரி கார்டு மீட்ட படலம்

திட்டக்குடி ஈன்ற தீரமகளே! ஒற்றைக்கண் கருவியேந்தி ஊரூராய்ப் புன்னகைகளைத் திறை கொண்டவளே! தோளில் இரு பை, இடுப்பில் ஒரு பை, கழுத்தில் கேமரா எனச் சர்வாயுதபாணியாய்ச் சிதம்பரம் பேருந்து நிலையத்து ஜனசமுத்திரத்தைப் பிளந்து வந்த கலைமணியே! உன் வெற்றியைப் பாடப் புகுந்தோம். மைக்செட்டுக்காரர் சற்றே சத்தத்தைக் குறைப்பாராக!

அன்று சிதம்பரத்துக் கல்யாண மண்டபமொன்றில் செம்பியனுக்கும் சுவேதாவுக்கும் திருமணம். துணைக்கு ஆளின்றிக் கலைமணி தனித்துப் புகுந்த முதற்களம் அதுவே. முந்தைய மாலை வரவேற்பு முதல் விடியலில் மணமகள் சூடிய மல்லிகை வரை அத்தனை படங்களும் தபால்தலை அளவேயான கருந்தகட்டில், மெமரி கார்டு என்னும் அந்த மாயப் பேழையில், அடைபட்டுக் கிடந்தன. அவற்றுள் ஒன்று மணமகளின் அத்தை கொளஞ்சியம்மாளுடையது. காடாம்புலியூரிலிருந்து பலாச்சுளை நிறப் பட்டுடுத்தி வேனில் வந்திறங்கிய அப்பெருமாட்டி, காலையில் மண்டபத் தூணோரம் நிமிர்ந்து நின்று, "நான் தனியா நின்னு எடுத்துக்கிற மொத போட்டோ இதாம்மா. பெருசா பிரேம் போட்டுக் குடுத்துடு" என்று ஆணையிட்டிருந்தாள்.

கெட்டிமேளம் நெருங்கிய வேளையில், அந்தோ, கேமராத் திரையில் எழுந்தது கொடுஞ்செய்தி: கார்டு நிறைந்துவிட்டது! கார்டு செருக ஒரே வாசல் கொண்ட கேமரா அது. கலைமணி மின்னலெனப் பழைய கார்டை உருவினாள், புதியதைச் செருகினாள். பழையதைப் பையிலிடக் கையை நீட்டிய அக்கணத்தில், வாழைத்தோப்பில் மதயானை புகுந்தாற்போல அட்சதைத் தட்டேந்தி வந்த கொளஞ்சியம்மாளின் முழங்கை மோதியது. கார்டு எம்பியது, சுழன்றது, தட்டிலிருந்த மஞ்சளரிசிக்குள் மூழ்கி மறைந்தது.

"அத்த, நில்லுங்க! தட்டுல என் கார்டு வுழுந்துடுச்சு!"

நாதஸ்வரமும் தவிலும் பொங்கியெழுப்பிய பேரோசையில் அக்குரல் கடலில் கரைத்த உப்பாயிற்று. தட்டு வரிசை வரிசையாய்ப் பாய, வளைக்கரங்களும் கடிகாரக் கரங்களும் அட்சதையை அள்ள, எக்கரத்தில் தன் கார்டு சிக்கியதென அறியாமல் கலைமணி எட்டியெட்டிப் பார்த்தாள். தட்டைத் துரத்தினால் தாலி கட்டும் படம் போகும். தாலியைப் படமெடுக்க நின்றால் அதுவரை எடுத்த படமெல்லாம் போகும். செம்பியன் தாலியைக் கையிலெடுத்துவிட்டான். கலைமணி பல்லைக் கடித்துக் கேமராவில் கண் பதித்தாள். கெட்டிமேளம் முழங்க, மஞ்சள் மாரி பொழிய, விரலெடுக்காமல் படங்களாய்ப் பொழிந்து தள்ளினாள்.

மூன்று முடிச்சும் விழுந்தபின் எடுத்தவற்றைத் திரையில் ஓட்டினாள். தாலி கட்டும் படம் தவறவில்லை. ஆயினும் என்னே விந்தை! மணமகன் தலைக்குமேல், மஞ்சள் மணிகளின் நடுவே, ஒரு கருஞ்சதுரம்! பார்க்காமல் அள்ளிய எவரோ பார்க்காமலே அதையும் வீசியிருக்கிறார். அடுத்த படத்தில் அது மாப்பிள்ளையின் காதருகே. அதற்கடுத்ததில் அக்கினியைத் தாண்டி, புரோகிதரின் நெய்க்கிண்ணத்துக்கு நேர்மேலே. அதற்கடுத்ததில் கார்டைக் காணோம்.

நிமிர்ந்தாள். எஞ்சிய நெய்யை ஒரேயடியாக அக்கினிக்கு ஈந்துவிடப் புரோகிதர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"சாமீ, ஊத்தாதீங்க! நிறுத்துங்க!"

தவில் நின்றது. நாதஸ்வரம் பாதி மூச்சில் விக்கியது. ஆசி கூற வாய்திறந்தோர் திறந்த வாயை மூடவில்லை. சினவேங்கையெனச் சீறி வந்தாள் கொளஞ்சியம்மாள்.

"நல்ல நேரத்துல நிறுத்துங்கிறியே, என்னா பொண்ணு நீ? வாயக் கழுவு!"

"அத்த, காலையில தூணாண்ட நின்னு எடுத்துக்கிட்டீங்களே, அந்தப் போட்டோ அந்த நெய்யிலதான் கெடக்குது!"

வேங்கை அக்கணமே பக்கம் மாறிற்று.

"ஐயரே! கிண்ணத்தக் கீழ வையிங்க! ஒரு சொட்டு நெருப்புல வுழுந்துச்சு, அப்பறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

கிண்ணம் தரையிறங்கியது. பாற்கடலைக் கடைந்தோரும் அறியாத பரபரப்புடன் கலைமணி ஐவிரலையும் நெய்யில் அமிழ்த்தித் துழாவினாள். சிரிப்பை அடக்கமாட்டாமல் மணமகள் மாலைக்குள் முகம் புதைத்துக்கொண்டாள். இதோ, நெய்யொழுக எழுந்தது கருமணி! "கெடச்சிடுச்சு!" என்று கலைமணி உயர்த்திப் பிடிக்க, மண்டபமே கைதட்டி அதிர, தவில்காரர் தாமாகவே இன்னொரு கெட்டிமேளம் வாசித்தார். சுவேதா நீட்டிய கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துக் கார்டைக் கேமராவில் செருகினாள் கலைமணி. தோளோடு தோளுரசக் கொளஞ்சியம்மாள் எட்டிப்பார்க்க, திரை ஒளிர்ந்தது. பலாச்சுளைப் பட்டில் ஒரு மகாராணி தோன்றினாள். "கண்ண மூடாம இருக்கன்ல?" என்று மகாராணி வினவ, "நல்லா முழிச்சிக்கிட்டு இருக்கீங்க அத்த" என்று முழங்கினாள், படைகளின்றி வென்றவள், படங்களின் காவலி, நெய்யாடிய நெடுங்கரத்து நாயகி!

பிறகு எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.