கொளஞ்சியம்மாள் பாட்டு கேட்ட படலம்

வெயிலை முந்தானையாகப் போர்த்தியவளை, ஈர உப்புக் கூடையை மணிமுடியெனத் தாங்கி நாற்பத்தாறு வயதிலும் கழுத்து வளையாதவளை, வெடித்த குதிகாலில் உவர்நீர் புகுந்து கடிக்கும்போதும் ‘ஸ்’ என்ற ஓரெழுத்துக்கு மேல் உரையாதவளை, மரக்காணத்து உப்பளத்தின் வடக்குப் பாத்திகளுக்கு மாமணியாய் விளங்கிய கொளஞ்சியம்மாளைக் கைகூப்பி வணங்குகிறோம்! இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு சித்திரைத் திங்களில், ஒரு சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் இடைப்பட்ட இரண்டரை நாழிகைப் பொழுதில் அவள் ஆற்றிய அரும்போரைக் கூட்டாமலும் குறைக்காமலும் உரைக்கப் புகுகிறோம். கேட்போர் குடை பிடித்துக்கொள்வது நலம். அங்கே வெயில் அதிகம்.

போருக்குக் காரணம் ஒரு பாட்டு.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் கறுப்பு வெள்ளையில் ஓடி மறைந்த ஏதோவொரு திரைப்படத்தில், நாயகி ஓடத்தில் அமர்ந்து பாடுவதாக அமைந்த பாட்டு அது. படத்தின் பெயரை உப்பளத்தில் ஒருவரும் அறியார். நாயகன் அவளை மணந்தானா, ஓடம் கரை சேர்ந்ததா என்னும் செய்திகளும் மறந்துபோயின. பாட்டு மட்டும் உப்பளத்தில் தங்கிவிட்டது. பதினான்கு ஆண்டுகளாக நாள்தோறும் காலை எட்டு மணிக்குக் கொளஞ்சியம்மாள் பல்லவி எடுப்பாள். அடுத்த பாத்தியிலிருந்து, வரப்பில் வழுக்காத பாதத்தினளும் வாக்கில் வழுக்காத நாவினளுமாகிய ஆண்டாள் சரணம் தொடுப்பாள். அந்தத் தாளத்துக்கு இருபது பெண்களின் நாற்பது கால்களும், பயிற்சி பெற்ற காலாட்படைபோல், வரப்பின்மேல் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழும்.

இவ்விருவரும் ஒருவர் தலைக்கு ஒருவர் கூடை ஏற்றிவிடும் இணையர் என்பதையும் இங்கே அறிவித்தல் வேண்டும். ஈர உப்பு நிறைந்த கூடையைத் தன் தலைக்குத் தானே ஏற்றிக்கொள்ள எந்த வீராங்கனைக்கும் இயலாது. எதிரே ஒருத்தி நின்று கை கொடுக்க வேண்டும். அந்தக் கை சும்மாட்டின் நடுவில் கூடையை வைத்தால் நடை சுகம். ஒரு விரற்கடை விலகினால், அன்றிரவு கழுத்தைத் திருப்ப முடியாது. பதினான்கு ஆண்டுகளில் ஆண்டாளின் கை ஒருமுறையும் விலகியதில்லை.

அத்தகைய நட்பு பதினொரு நாள்களுக்கு முன் உடைந்தது.

அன்று மோட்டார் கொட்டகையில் தொங்கிய ரேடியோப் பெட்டி, எவரும் வேண்டாமலேயே அந்தப் பாட்டைப் பொழிந்தது. பொழிந்து முடித்த கணத்தில், பாடியவர் பெயரை அறிவிக்கும் முன்னரே, மின்சாரம் நின்றது. அந்த அமைதியில் ஆண்டாள் வாய் திறந்தாள்.

“அந்தக் கனத்த கொரலுக்கார அம்மா பாடுனா பாடுனதுதான்டி. அப்டியே நெஞ்சுல எறங்குது.”

“எந்தக் கனத்த கொரலு?” என்றாள் கொளஞ்சியம்மாள். “கிணுகிணுன்னு பாடுமே, அந்த அம்மாடி இது.”

“உனுக்குக் காது அடச்சிக்கினு இருக்குது.”

அப்பாடகியர் இருவரின் இயற்பெயரையும் உப்பளச் சேற்றில் இழுப்பது பண்பன்று. ஆதலின் ஒருவரை வெண்கலக் குரலாள் என்றும் மற்றவரைக் கிண்கிணிக் குரலாள் என்றும் வழங்குவோம். வெண்கலத்தார் கட்சியும் கிண்கிணியார் கட்சியும் கணப்பொழுதில் திரண்டன. சொல் சொல்லோடு உரசியது, பொறி பறந்தது. அப்போதும் போர் மூண்டிராது. கொளஞ்சியம்மாள்தான் எவரும் எடுக்கக் கூடாத அம்பை எடுத்தாள்.

“பதினாலு வருசமா நீ சரணத்தத் தப்பாத்தான்டி பாடற. போவுதுன்னு நான்தான் சொல்லாம வுட்டுட்டேன்.”

ஆண்டாள் கூடையைக் கீழே வைத்தாள். சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வரப்பின் மறுகோடிக்கு நடந்துபோய்விட்டாள்.

அன்றுமுதல் வடக்குப் பாத்திகளில் பாட்டு இல்லை. நாற்பது கால்களும் நாற்பது வழியில் நடந்தன. ஒருத்தியின் முழங்கை மற்றொருத்தியின் கூடையை இடித்தது. கொளஞ்சியம்மாளுக்குக் கூடை ஏற்றிவிடப் புதிதாய் வந்த மேரிசெல்வி நல்ல பெண்தான், ஆனால் குள்ளம். அவள் எம்பி வைத்த கூடை எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே நின்றது. அதிலிருந்து வழிந்த உவர்நீர் தலைவியின் இடக்கண்ணில் துளி துளியாய் இறங்கியது. கண் சிவந்ததற்கு அது மட்டுமே காரணம் என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை, உப்பளத்துக்கு மேஸ்திரியும் அலைபேசி வைத்திருந்த ஒரே பெருமகனுமாகிய அரசப்பன் ஒரு செய்தி கொணர்ந்தான்.

“ஏம்மா கொளஞ்சி, திங்கக்கெழமலர்ந்து ஆண்டாளு ரோட்டோரப் பாத்திக்குப் போறாளாம். வேற மேஸ்திரிகிட்ட கேட்டுட்டாளாம். உனுக்குத் தெரியுமா?”

கொளஞ்சியம்மாளுக்குத் தெரியாது. கேட்ட அளவில் அவள் நெஞ்சு, கடல்நீர் புகுந்த பாத்திபோல் ஒருகணம் கலங்கி, பின் தெளிந்தது. போய்ப் பேசிவிடலாம் என்று ஓர் எண்ணம் எழுந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் அது அடங்கியது. அதன்பின் வீரம் எழுந்தது. நண்பகலில் பண்பலை வானொலியில் நேயர்கள் தொலைபேசியில் பாட்டு கேட்கும் நேரம் உண்டு. அங்கே கேட்டுப் பாடியவர் யாரென்று உலகறிய நிறுவிவிட்டால், தீர்ப்பு கிடைத்துவிடும். தீர்ப்புக்குப் பின் என்ன செய்வது என்பதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. போருக்குப் புறப்படுவோர் பலரும் அப்படித்தான்.

“மேஸ்திரி, உன் செல்லக் குடு.”

அரசப்பனின் அலைபேசி, உப்புக்காற்று அண்டாதபடி பாலித்தீன் உறையில் பொதிந்து ரப்பர் வளையத்தால் இறுகக் கட்டப்பட்டு, கருவூலப் பொருள்போல் அவன் சட்டைப்பையில் துயின்றிருந்தது.

“குடுக்கறேன். ஆனா இங்க டவர் கெடைக்காதும்மா. அம்பாரத்து மேல ஏறுனாத்தான் கெடைக்கும். ஏறுனா ஓலை சரியும். மொதலாளி கேட்டா நான் இன்னான்னு சொல்றது?”

“பாட்டு கேக்க ஏறுனான்னு சொல்லு.”

“ஒரே கோடுதான் சார்ஜ் இருக்குது” என்று நீட்டியவன், கூடவே, “எனுக்கு இன்னாமோ ஆண்டாளு சொல்றதுதான் சரின்னு படுது” என்றான். கொளஞ்சியம்மாள் பார்த்த பார்வையில் பின்வாங்கி மோட்டார் கொட்டகை நிழலில் ஒதுங்கினான்.

இனி மலையேற்றம். பருவமெல்லாம் வாரிய உப்பை மூன்றாள் உயரத்துக்குக் குவித்துப் பனையோலை வேய்ந்து வைத்திருந்த அந்த அம்பாரம், வெள்ளிமலை பச்சோலைக் கவசம் பூண்டதுபோல் நின்றது. ஓலை காய்ந்து பழுப்பேறி இருந்ததை உவமைக்காகப் பொறுத்தருள்க. தலைவி சேலையை இழுத்துச் செருகினாள். அலைபேசியைப் பல்லில் கவ்வினாள். நான்கு கால் பாய்ச்சலில் ஏறினாள். முதன்முறை பாதித் தொலைவில் ஓலையோடு ஓலையாய்த் திரும்பி வந்தாள். இரண்டாம் முறை முழங்கால் சிராய்த்தது. சிராய்ப்பில் உப்பு பட்டால் எப்படியிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மூன்றாம் முறை, படைத்தலைவன் கோட்டை மதிலில் கால் ஊன்றுவதுபோல், உச்சியில் அமர்ந்தாள். அங்கிருந்து நோக்க, கிழக்கே கடலும் மேற்கே சாலையும் நடுவே கண்ணாடிச் சில்லுகளாய்ப் பாத்திகளும் தெரிந்தன. கொட்டகையருகே கூடையைக் கவிழ்த்து அதன்மேல் முதுகு காட்டி அமர்ந்திருந்த ஆண்டாளும் தெரிந்தாள்.

வானொலி ஓயாமல் அறிவித்த எண்ணை அழுத்தினாள். நிலையத்து இணைப்பு வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தது. மீண்டும் அழுத்தினாள். மீண்டும் அதே ‘குட் குட்’ ஒலி. பகைவர் முரசுபோல் அவ்வொலி அவள் செவியில் அறைந்துகொண்டே இருக்க, கீழே ரேடியோவில் பொம்மையார்பாளையத்து நேயர் ஒருவர் தம் மனைவிக்காக ஒரு பாட்டு பெற்றார். பெருமுக்கல் நேயர் ஒருவர் தமக்காகவே ஒன்று பெற்றார். இன்னொருவர் பாட்டே கேளாமல் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தார். சூரியன் உச்சியில் நின்று வேடிக்கை பார்த்தது. பன்னிரண்டே முக்காலுக்குமேல், எத்தனையாவது முறையோ, மணி அடித்தது.

“வணக்கம், யார் பேசறீங்க?”

ஓர் இளம்பெண்ணின் குரல். கொளஞ்சியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நான்தான்.”

“நீங்கதான்னா யாரும்மா?”

“கொளஞ்சி. மரக்காணம். உப்பளத்துல கீறேன்.”

அவள் சொன்னது கீழே ரேடியோவில் எதிரொலித்து, அந்த எதிரொலி மீண்டும் அலைபேசிக்குள் புகுந்து, பேய்க்கணம் ஊளையிடுவதுபோல் வீறிட்டது.

“அம்மா, பக்கத்துல ரேடியோ இருந்தா சத்தத்தைக் கொறைச்சு வைங்க. இல்லைன்னா லைனைக் கட் பண்ண வேண்டியிருக்கும்.”

ரேடியோவின் அருகே அரசப்பன் இல்லை. ஓலை சரிந்த பக்கத்தைப் பார்க்க மறுபுறம் போயிருந்தான். அருகிருந்தவள் ஒருத்தியே. பதினொரு நாள் மௌனம், கடலை அணைத்த கரைபோல் நடுவே கிடந்தது. கொளஞ்சியம்மாள் அதை உடைத்தாள்.

“ஏய் ஆண்டாளு! ரேடியாவக் கொறடி!”

ஆண்டாள் அசையவில்லை. திண்டிவனம் முதல் புதுவை வரை வானொலி கேட்ட அத்தனை வீடுகளிலும் தன் பெயர் ஒலித்ததை அவள் கேட்டாள். மெல்ல எழுந்தாள். முந்தானையை உதறினாள். போய் ரேடியோவின் குமிழைத் திருப்பினாள். திருப்பிவிட்டு அங்கேயே நின்றாள்.

“இப்ப சொல்லுங்கம்மா. எந்தப் படத்துப் பாட்டு?”

“படம் தெரியாது கண்ணு. பாடிக் காட்டட்டா?”

அம்பாரத்தின் உச்சியில், தலைக்கு மேல் மறைப்பில்லாத வானத்தின்கீழ், சிராய்த்த முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொளஞ்சியம்மாள் பல்லவி பாடினாள். பதினொரு நாளாய்ப் பாடாத தொண்டை முதலடியில் கரகரத்தது, இரண்டாமடியில் வழிக்கு வந்தது. பாத்திகளில் பெண்கள் நின்றுவிட்டார்கள்.

“அழகாப் பாடறீங்கம்மா. ஆனா இப்படி ஆரம்பிக்கிற பாட்டு ரெண்டு இருக்கு. சரணம் ஒரு வரி பாடுங்க, கண்டுபிடிச்சிடலாம்.”

இங்கேதான் தலைவி வீழ்ந்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. சரணம் என்றைக்கும் அவளுடையதாக இருந்ததில்லை. பதினான்கு ஆண்டுகள் கேட்டிருந்தாள், ஒருநாளும் பாடியதில்லை. தப்பென்று சொன்னாளே தவிர, சரி எதுவென்று அவளுக்குத் தெரியவில்லை.

“ஆண்டாளு…” என்றாள், இம்முறை தாழ்ந்த குரலில். “சரணம் வர்ல்லடி.”

ஆண்டாள் அம்பாரத்தின் அடிக்கு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். “நான்தான் தப்பாப் பாடறவளாச்சே” என்றாள்.

“வாய்க் கொழுப்புல சொன்னேன். பாடுடி. சார்ஜ் பூடும்.”

கொளஞ்சியம்மாள் குப்புறப் படுத்து, அலைபேசியைக் கை நீளத்துக்கும் கீழே நீட்டினாள். ஆண்டாள் முதல் ஓலையில் ஏறி, கழுத்தை நிமிர்த்தி, சரணத்தை முழுதாக, ஒரு சொல்லும் விடாமல் பாடினாள்.

“கெடைச்சிடுச்சு! இந்தப் பாட்டு யாருக்காகக் கேக்கறீங்கம்மா?”

இக்கேள்விக்குத் தலைவி ஆயத்தமாக வரவில்லை.

“ஆண்டாளுக்கு.”

“அவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

கொளஞ்சியம்மாள் கீழே ஆண்டாளின் கையைப் பார்த்தாள். “என் தலைக்குக் கூடை தூக்கி வுடுறவ” என்றாள். அத்தோடு அலைபேசி உயிர்நீத்தது.

ஆண்டாள் ஓடிப்போய் ரேடியோவின் ஒலியைக் கூட்டினாள். பாட்டு வந்தது. நாற்பது ஆண்டுகளாய் மூப்படையாத அந்தக் குரல் பாத்திக்குப் பாத்தி தாவி, கடற்காற்றோடு கலந்து, உப்பாகிக்கொண்டிருந்த நீரின்மேல் ஓடமாய் மிதந்தது. சரணம் வந்தது. ஆண்டாள் பாடியதுபோலவே, சொல்லுக்குச் சொல் வந்தது. அம்பாரத்திலிருந்து சறுக்கி இறங்கிக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள் பாதியில் நின்று, “தப்பில்லடி” என்றாள். ஆண்டாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் தலையில் அப்போது கூடை இல்லை.

பாட்டு முடிந்தது. அறிவிப்புப் பெண் பாடியவர் பெயரைத் தெளிவாகச் சொன்னாள். அது வெண்கலக் குரலாளும் அன்று, கிண்கிணிக் குரலாளும் அன்று. இருவரும் கேள்விப்பட்டேயிராத மூன்றாமவர் ஒருவர்.

உப்பளம் திகைத்தது. கொளஞ்சியம்மாள் ஆண்டாளைப் பார்த்தாள். ஆண்டாள் கொளஞ்சியம்மாளைப் பார்த்தாள்.

“சின்னப் பொண்ணு” என்றாள் ஆண்டாள். “அதுக்கு இன்னா தெரியும்?”

“எவளோ எழுதிக் குடுத்தத படிக்குது” என்றாள் கொளஞ்சியம்மாள்.

“ரேடியோக்காரங்களுக்கே தெரியலன்னா யாருக்குத்தான் தெரியும்?” என்று அரசப்பன் சரிந்த ஓலைகளுக்கிடையிலிருந்து கேட்டான்.

“நீ சும்மாரு மேஸ்திரி” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். இரண்டு கட்சிகளும் அக்கணமே ஒன்றாய் இணைந்து, மூன்றாமவருக்கு எதிராக அணிவகுத்தன.

இவ்வாறு, வெள்ளிமலை ஏறி, எழுகடலும் கேட்கப் பகையை அழைத்து, தோற்றும் வென்றும் தோழியை மீட்டு, வானொலியின் தீர்ப்பையும் புறங்கண்ட அவ்வீரப்பெண்டிர் இருவரும், திங்கட்கிழமையும் அதே வடக்குப் பாத்தியில்தான் இறங்குவதென முடிவுசெய்து, வெற்றிமுரசு முழங்காத குறையாகக் கொட்டகை நிழலை நோக்கித் தோளோடு தோள் உரச நடந்து, எதிரெதிரே சம்மணமிட்டு அமர்ந்து, தூக்குவாளிகளைத் திறந்தனர்.

ஆண்டாள் கொண்டுவந்த கத்திரிக்காய்க் குழம்பில் உப்பு குறைவாக இருந்தது.