நான்ஸ்டிக் வாணலியில் ஏறிய பல்லி

பல்லியின் காலைப் பற்றி ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள் நான். காலைப் பற்றி மட்டும். அந்தக் காலோடு சேர்ந்து வரும் மற்ற பாகங்களை, அதுவும் உயிரோடு இருக்கும்போது, நான் ஒருநாளும் தொட்டதில்லை. ஆய்வுக்கூடத்தில் பல்லி பிடிப்பதற்கென்றே ஓர் உதவியாளர் இருந்தார். அவர் பிடித்து, கண்ணாடிப் பெட்டியில் விட்டு, மூடியைச் சரிபார்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகே நான் அறைக்குள் நுழைவேன். (ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயர் என் பெற்றோருக்கு முன்னால் வரும். அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம்.)

கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோதும் இந்த விவரத்தை யாரிடமும் சொல்லவில்லை. நான் காட்டூர்க்காரி, மடி ஆசாரம் எதுவும் இல்லாத வீடு. என் கணவன் ஸ்ரீதர் வீட்டில் ஐயங்கார் ஆசாரம்; குளித்து மடிப்புடவை கட்டியவர்கள்தான் சமையலறைக்குள் போகலாம். எங்களுடையது காதல் கல்யாணம். மாமியார் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. சமையலறைக்குள் விட்டதும் இல்லை. மூன்று மாதமாக ஹாலில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கியதை நிலைப்படி அருகே வைத்தால், உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு வந்து எடுத்துப்போய்க் கழுவிக்கொள்ளும். எனக்குச் சமையலில் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த நிலைப்படியைத் தாண்டியே தீருவது என்று மனதுக்குள் ஒரு வீம்பு.

அந்தப் புரட்டாசி சனிக்கிழமை வாய்ப்பு தானாக வந்தது. புத்தூரிலிருந்து ஸ்ரீதரின் பெரியப்பா குடும்பம் சாப்பிட வந்திருந்தது. மொத்தம் பன்னிரண்டு பேர், நல்ல பசியில். சமையலறையை ஒட்டிய பெருமாள் உள்ளில், அதாவது பூஜையறையில், புளியோதரை, தயிர்சாதம், ஒரு பெரிய வெண்கலப் பானை நிறைய அக்காரவடிசில் எல்லாம் தயாராக இருந்தன. மூடிகளைத் திறந்து பெருமாளுக்குப் படைத்த பிறகுதான் மனிதர்களுக்கு இலை. மூடியில் கை வைத்த மாமனார் நிமிர்ந்து பார்த்தார். நேர் மேலே சுவரில் பல்லி.

துடைப்பத்தைப் பெருமாள் உள்ளுக்குள் கொண்டுவரக் கூடாது. பல்லியை அடிக்கவும் கூடாது. திறந்துவைத்த பின் அது விழுந்துவிட்டால் அவ்வளவும் குப்பைக்கு. ஸ்ரீதர் வாசலில் நின்றபடியே, "கவிதா பாத்துப்பாம்மா, அவ அதுலதானே டாக்டரேட்" என்றான்.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மடி இல்லேன்னாலும் பரவால்ல. இன்னிக்கு உள்ள வா" என்றார்.

மூன்று மாதக் காத்திருப்பு. பயமாக இருக்கிறது என்று சொல்ல அது நேரமா? மாடிக்கு ஓடினேன். கல்யாணப் பரிசாக வந்து, பெட்டி பிரிக்காமல் கிடந்த நான்ஸ்டிக் வாணலியை எடுத்து வந்தேன். எதிலும் ஏறும் பல்லி இந்தக் கறுப்புப் பூச்சில் மட்டும் ஏறாது. என் ஆய்வேட்டில் அதற்கு ஒரு முழு அத்தியாயமே உண்டு. அதை வாணலிக்குள் தள்ளிவிட்டால் வழுக்கிக்கொண்டு கிடக்கும். தட்டால் மூடிக் கொல்லையில் விட்டுவிடலாம். தொட வேண்டிய அவசியமே இல்லை.

"அது என்ன பாத்திரம்?" என்றார் மாமியார்.

"புதுசும்மா. யாரும் தொடவே இல்ல."

"இருக்கட்டும்." வாங்கி, ஒரு சொம்புத் தண்ணீரை விட்டு அலம்பித் தந்தார். அவர் வீட்டில் எதுவும் அலம்பாமல் உள்ளே போகாது. நான் அதைக் கவனிக்கவில்லை. அதற்குள் விரிவுரையைத் தொடங்கியிருந்தேன்.

"பல்லி காலுல பசையெல்லாம் கிடையாதுங்க. விரலுக்கு அடியில மடிப்பு மடிப்பா இருக்கும். ஒவ்வொரு மடிப்புலயும் கண்ணுக்குத் தெரியாத முடி, லட்சக்கணக்குல. ஒவ்வொரு முடியும் நுனியில நூறா பிரிஞ்சு சுவரை அவ்வளவு நெருக்கமா தொடும். அந்த நெருக்கத்துல வர்ற ஈர்ப்புதான் பிடிப்பு. இதுல மட்டும் அது செல்லாது."

மாமனார் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா வாசலிலிருந்து, "பேஷ்" என்றார். வாழ்க்கையில் நான் மிகவும் கௌரவமாக இருந்த அரை நிமிடம் அதுதான்.

வாணலியைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, விசிறியால் மெல்லத் தள்ளினேன். பல்லி உள்ளே இறங்கியது. வழுக்கவில்லை. ஊன்றி நின்றது. அந்த அத்தியாயத்தின் முதல் வரி 'உலர்ந்த பரப்பில்' என்று தொடங்கும். இதே பூச்சு நனைந்திருந்தால் பல்லி நன்றாகவே பிடித்துக்கொள்ளும் என்று இரண்டு பக்கம் தள்ளி நானே எழுதியிருக்கிறேன், வரைபடத்துடன். அது என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கைப்பிடி வழியாக ஏறி, என் மணிக்கட்டைத் தாண்டி, தோளைக் கடந்து, முதுகுப்பக்கம் போனது.

நான் அலறியது ராஜகோபுரம் வரை கேட்டதாகப் பெரியப்பா சொல்வார். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார். "எனக்குப் பல்லின்னா பயம், யாராவது எடுங்க, நான் தொட்டதே இல்லை" என்று பன்னிரண்டு பேர் முன்னால் ஒப்புக்கொண்டது மட்டும் உண்மை. கையிலிருந்த வாணலி வெண்கலப் பானையின் மேல் விழுந்து மூடியைத் தள்ளிவிட்டது. நான் குதித்த குதியில் பல்லி வாலைக் கழற்றிவிட்டது. அந்த வால் அக்காரவடிசிலின் நெய்யில், முந்திரிகளுக்கு நடுவே, துடித்துக்கொண்டிருந்தது.

மாமியார் வந்து, என் முதுகிலிருந்து பல்லியை வெறுங்கையால் எடுத்து, கொல்லைக் கதவைத் திறந்து விட்டுவிட்டு வந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "உங்களுக்குப் பயமில்லையாம்மா? அப்புறம் ஏன் என்னைக் கூப்பிட்டீங்க?"

"பயமென்ன பயம். நான் தொட்டா மறுபடி குளிச்சு மடி உடுத்திக்கணுமே. நீதான் மடியில்லையே, அதான்" என்றார்.

என் ஐந்து வருடப் படிப்புக்கு அந்த அழைப்பில் பங்கே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் கோபமும்கூட.

மாமனார் பஞ்சாங்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு புரட்டினார். "பல்லி விழுந்தா என்ன பலன்னு போட்டிருக்கான். ஏறினா என்னன்னு போடலையே" என்று கவலைப்பட்டார்.

பல்லி வால் விழுந்த இடத்தில் இருந்த எதுவும் இனிப் பெருமாளுக்கு ஆகாது; மறுபடி எல்லாம் சமைத்தாக வேண்டும். பன்னிரண்டு பேர் காத்திருக்கிறார்கள். மாமியாருக்கு இரண்டு கைதான். கிணற்றடியில் என் தலையிலும் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றி, தன்னுடைய மடிப்புடவை ஒன்றைக் கொடுத்து, "சீக்கிரம் வந்து தேங்காய் துருவு" என்றார். நிலைப்படியைத் தாண்டியதை நான் கவனிக்கக்கூட இல்லை. தேங்காயோடு என் விரலையும் கொஞ்சம் துருவியபோதுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

இப்போது ஆறு வருடமாகிறது. நான் ஒரு கல்லூரியில் பல்லியின் பிடிப்பைப் பற்றி வகுப்பெடுக்கிறேன். அதே சமையலறையில் ரசம் வைக்கிறேன். தெருவில் யார் வீட்டிலாவது பல்லி தொந்தரவு என்றால் இன்றைக்கும் எங்கள் வாசலில் வந்து, "உங்காத்து டாக்டர் இருக்காளா?" என்று கேட்கிறார்கள்.

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பார்.

"அவ படிச்சவ. நான் வரேன்."