நாரைகளின் வருகைப்பதிவேடு

உலகில் நாரைகளைப் பார்த்தவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். படம் எடுத்தவர்கள், பாட்டு எழுதியவர்கள், சும்மா வாயைப் பிளந்து நின்றவர்கள் என்று பட்டியல் நீளும். ஆனால் நாரைகளுக்கு வருகைப்பதிவேடு வைத்து அவற்றை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர முயன்ற ஒரே மனிதர் நம் மேற்பார்வையாளர்தான். மனிதகுலம் இதற்காக அவருக்கு நன்றி சொல்லவில்லை. நாரைகளும் சொல்லவில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓர் அலுவலகத்தின் வருகைப் பிரிவைக் கட்டி ஆண்டவர் அவர். பத்து மணி பத்து நிமிடத்துக்குப் பதிவேட்டில் சிவப்புக்கோடு போடுவார். அதற்குப் பிறகு வருபவர் வந்தும் வராதவர். மூன்று தாமதத்துக்கு ஒரு நாள் விடுப்பு காலி. லிஃப்டில் மாட்டிக்கொண்ட மேலாளருக்கே கோடு போட்டவர் என்பதால், அலுவலகம் அவரை 'கோடு' என்று அன்போடும் பயத்தோடும் அழைத்தது. அன்பு கொஞ்சம் குறைவுதான்.

ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் ரத்த அழுத்தம் எகிறியது. "காலையில பால்கனியில உக்காந்து பறவைங்களைப் பாருங்க சார், மனசு லேசாகும்" என்றார் டாக்டர். வசதியாக, வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு குட்டை இருந்தது. அங்கே தினமும் பதினொரு நாரைகள் வரும். இடுப்பளவு உயரம், சாம்பல் நிறம், முழங்கால் தண்ணீரில் மணிக்கணக்காக அசையாமல் நிற்கும். கோப்புகள் நகராத இடத்தில் வாழ்ந்தவருக்கு அந்த அசையாமை பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று.

அவருடைய மனைவி பல வருடமாகச் சமையலறை ஜன்னல் வழியே அவற்றைப் பார்த்து வருபவர். எண் கிடையாது, குறிப்பு கிடையாது, சந்தோஷம் மட்டும்தான். அதாவது, முற்றிலும் 'முறையற்ற' பார்வை.

மேற்பார்வையாளர் முறைப்படி தொடங்கினார். நீள நோட்டு ஒன்று வாங்கி, நாரைகளுக்கு ஒன்று முதல் பதினொன்று வரை எண் கொடுத்தார். காலை ஆறு மணிக்குப் பணி தொடக்கம். ஆறு பத்துக்குச் சிவப்புக்கோடு. நாரைகளோ ஆறரைக்கு முன்னால் வருவதே இல்லை.

"ஏங்க, வெயில் வந்தாத்தானே அதுங்க வரும்?" என்றார் மனைவி.

"நீ என்ன, அதுங்களோட சங்கத் தலைவியா?"

"அந்த நொண்டிக்காலுக்குக் கூட்டுல ரெண்டு குஞ்சு இருக்குங்க. ஊட்டிட்டு வர வேண்டாமா?"

"நாலாம் எண்ணைச் சொல்றியா? அப்போ முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்திருக்கணும்."

இரண்டே மாதத்தில் எல்லா நாரைகளுக்கும் விடுப்பு தீர்ந்தது. பிறகு 'அனுமதியின்றி வராமை'. ஏழாம் மாதம், 'பணியைக் கைவிட்டவை' என்று பதினொன்றின் பெயரும் நீக்கப்பட்டது. அந்த விவரம் தெரியாமல் அவை ஆறரைக்கு வந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தன. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்.

அப்போதுதான் நகர அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. குட்டையை மூடிக் கார் நிறுத்துமிடம் கட்டப் போகிறார்களாம். எதிர்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தார்.

"சார், நீங்கதான் காப்பாத்தணும்! ஆறு மாசம் தொடர்ந்து பறவை வந்ததுக்கு எழுத்துல ஆதாரம் இருந்தா மூட மாட்டாங்களாம். இந்தத் தெருவுலயே உங்ககிட்டதான் நோட்டு இருக்கு!"

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த நோட்டை எவ்வளவு திட்டியிருக்கேன். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். குட்டை இல்லாத ஜன்னலை நினைத்து அவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

விசாரணை குட்டைக் கரையிலேயே, காலை எட்டு மணிக்கு நடந்தது. அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்து பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"பிரமாதமான பதிவேடு சார். ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. ஆனா ஏழு மாசத்துல ஒரு நாரைகூட வரலையே?"

"வந்துச்சு. லேட்டா வந்துச்சு."

"லேட்டா வந்தா?"

"வரலைன்னு அர்த்தம்" என்றார் மேற்பார்வையாளர், பெருமையோடு. சொல்லி முடித்த பிறகுதான் தையல்காரரின் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, கொஞ்சம் திரும்பிப் பாருங்க. உங்க முதுகுக்குப் பின்னாடியே நிக்குதுங்க" என்றார் மனைவி.

அதிகாரி திரும்பினார். பொறுமையாகப் பதினொன்றையும் எண்ணினார். "அழகா இருக்கும்மா. ஆனா என் கண்ணைப் பிடுங்கி ஃபைல்ல வைக்க முடியாதே" என்றார். நல்ல மனிதர்தான். ஒரு வழியும் சொன்னார். "சார், கடைசிப் பக்கத்துல 'இந்தப் பதிவேடு தவறு'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இந்த அம்மா சொல்றதை வாக்குமூலமா எடுத்துக்கறேன். குட்டை பிழைச்சிடும்."

மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்தார். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பத்தே கால் மணிக்கு மூச்சிரைக்க ஓடிவந்த தட்டச்சர் நினைவுக்கு வந்தார். அன்று அவருக்கும் கோடுதான். இது தவறென்றால் அதுவும் தவறு. முப்பத்திரண்டு வருடமும் தவறு. அவருக்குப் பயமாக இருந்தது. பேனாவை மூடினார்.

"என் பதிவேட்டுல தவறு இருந்ததே இல்லை."

மனைவி திரும்பி வீட்டுக்கு நடந்தார். கொள்கைக்காக ஒரு குட்டையையே தியாகம் செய்த உத்தமர் பின்னாலேயே போனார்.

அடுத்த வாரம் மண் லாரிகள் வந்தன. மூன்றே நாளில் குட்டை தரையாயிற்று. அந்த மூன்று நாளும் பட்டினி கிடந்த நாரைகள் நாலாம் நாள் வெயிலுக்குக் காத்திருக்காமல் வந்தன. மணி ஆறு நாலு. இரண்டு சுற்று சுற்றிவிட்டு மண்ணில் இறங்கி, அதைக் கொத்திப் பார்த்தன. நொண்டிக்கால் ரொம்ப நேரம் கொத்திக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளரின் மடியிலிருந்த பதிவேட்டை மனைவி எடுத்தார். நின்றபடியே எழுதினார்: "காலை 6.04. நாரைகள் பதினொன்றும் வந்தன. தண்ணீர் இல்லை. குட்டையை மூடியவர்: மேற்பார்வையாளர்."

"சரியா இருக்கான்னு பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவை நீட்டினார்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். ஒரு பிழையும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.