உன் அம்மாவின் தோடுகளும் என் கோஸ் பீப்பாயும்

அன்பு மகள் தெமெனுகாவுக்கு,

பிளெவெனிலிருந்து அப்பா. நான் நலம். உன் அம்மா என்னைவிட நலம். வீட்டிலுள்ள மற்றச் சாமான்களைப் பற்றி அப்படி எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. சரகோசாவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்றும், உங்கள் ஜன்னல் திரைகள் இன்னும் ஜன்னலில்தான் தொங்குகின்றன என்றும் நம்புகிறேன். போனில் பேசலாமே என்பாய். நம் வீட்டில் எங்கே நின்று பேசினாலும் உன் அம்மாவின் காதுக்குள் நின்று பேசுவது மாதிரிதான். அதனால் தபால்.

அம்மாவின் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. வீட்டிலேயே உலோகத் தோடு செய்வதற்கான கருவிகள். அருமையான யோசனை. புத்தியில்லாத பிள்ளைகள்தான் பெற்றவளுக்குச் சால்வையும் செருப்பும் அனுப்புவார்கள். என் மகள் உலோகத்தை உருக்கும் ஊதுகுழல் விளக்கு அனுப்பினாள். வாழ்நாள் முழுக்க ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான், எதிரே லாரி வரும்போது பிரேக்குக்குப் பதில் ஹாரனை அழுத்தியவர்களிடம்கூடக் குரல் உயர்த்தாதவன், என்பதை இங்கே உனக்கு நினைவூட்டிவிட்டு மேலே எழுதுகிறேன்.

முதலில் அறுப்பு வேலை. செம்புத் தகட்டை அறுக்கும் வாள் தலைமுடி அளவுதான் இருக்கிறது, உடைவதற்காகவே செய்திருக்கிறார்கள் போல. ஒவ்வொன்று உடையும்போதும் அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பாள். நான் வாசலருகே நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன். "நீ பாத்துக்கிட்டே இருந்தா எப்படி உடையாம இருக்கும்?" என்பாள். உடைந்த துண்டுகள் என் காலுறையில் ஒன்று, ரொட்டிக் கூடையில் ஒன்று என்று கிடைத்துக்கொண்டிருக்கின்றன. அறுத்த தகட்டைத் தட்டிக் குழிக்க ஒரு பட்டடைக் கல் வேண்டுமாம். பெட்டியில் வந்தது சின்னதாம். ரயில்வேயில் அவளோடு டிக்கெட் கவுன்டரில் இருந்தவர்கள், பாசக்காரர்கள், தண்டவாளத்தில் ஒரு துண்டை அறுத்துச் சமையல் மேசை மேலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுக் காபி குடித்துப் போனார்கள். ரயில்வே கொடுத்த ஓய்வூதியம் போதாதென்று தண்டவாளத்தையும் கொடுத்திருக்கிறது. மத்தியானம் நான் கண்ணை மூடும் நேரமாகப் பார்த்து அம்மா தட்ட ஆரம்பிப்பாள். கீழ்வீட்டு ஸ்லாத்கா துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பாள். "பாரு, அவளுக்கும் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா இன்னும் உற்சாகமாகத் தட்டுவாள்.

பிறகு பற்றவைப்பு. உன் அம்மா பொடி வைத்துப் பேசுவதைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவருகிறேன். பொடி வைத்து ஊதுவதை இப்போதுதான் பார்க்கிறேன். தோடும் கொக்கியும் ஒட்டுவதற்கு முன்னால் ஜன்னல் திரை போய்ச் சேர்ந்தது. நான் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தால், "குறுக்க வராத ரங்கேல், இப்பத்தான் உருகுது" என்கிறாள். உருகியது ஈயமா வெள்ளியா என்று நான் கேட்கவில்லை. ஊதியதில் கறுத்த செம்பைச் சுத்தம் செய்ய எலுமிச்சை உப்புக் கரைத்த தண்ணீரில் ஊறப்போட வேண்டுமாம், அதற்கு நம் பீன்ஸ் சூப் வைக்கும் மண்சட்டிதான் சரியான அளவாம். இனி அதில் சாப்பாட்டுக்கு எதுவும் சமைக்கக் கூடாதாம். செம்புக்குக் கிடைத்த மரியாதையைப் பார். நாங்கள் இப்போது பீன்ஸை வாணலியில் வைத்துச் சாப்பிடுகிறோம், அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சூப்.

முதல் ஜோடி தயாரானது. திராட்சை இலை வடிவம். ஒன்று இலை, மற்றொன்று அந்த இலையின் தம்பி.

"ரெண்டும் ஒரே மாதிரி இல்லையே, ஸ்தானிமிரா," என்றேன்.

"உன் காது ரெண்டும் ஒரே மாதிரியா இருக்கு? போய்க் கண்ணாடியில பாரு."

போய்ப் பார்த்தேன். இல்லை. இத்தனை வயதுவரை இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. இனி ஓட்டுநர் உரிமத்தில் என் புகைப்படத்தை நிம்மதியாகப் பார்க்க முடியாது. அம்மா அந்தத் தோடுகளைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்வந்தாள். மிளகாய் விற்கிறவள் மெச்சினாளாம். அவள் எல்லா வாடிக்கையாளரையும் மெச்சுவாள் என்பதை நான் சொல்லவில்லை, எனக்கும் இரவு சாப்பிட வேண்டுமே.

இதுவரை வந்தது முன்னுரை. போன சனிக்கிழமை செம்பைப் பழைய காலத்து நகைபோலக் கறுக்கவைக்கும் வேலை. மஞ்சளாக ஒரு கந்தகக் கட்டி. வெந்நீரில் கரைத்தால் அழுகிய முட்டை நாற்றம். வாடை வெளியே போகட்டும் என்று கிண்ணத்தைச் சமையலறைப் புகைத்துளைக்கு நேர் கீழே வைத்துவிட்டு அம்மா கம்பி வாங்கக் கடைக்குப் போனாள். வாடை வெளியே போகத்தான் செய்தது. நம் கட்டடத்தில் எல்லா வீட்டுப் புகைத்துளையும் ஒரே குழாயில்தான் சேர்கிறது, அதனால் அது ஒரு வீடு விடாமல் போனது. எரிவாயு கசிகிறது என்று ஸ்லாத்கா போன் பண்ண, வண்டி வந்து, மொத்தக் கட்டடமும் வீட்டுச் செருப்போடு முற்றத்தில் வந்து நின்றது, கையில் பூனையும் குழந்தையும் ரக்கியா சாராயப் பாட்டிலும் யாருக்கு எது முக்கியமோ அதோடு. எரிவாயுக்காரர் கருவியைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் நடந்துவிட்டு வந்தார்.

"வாயு எதுவும் கசியல. ஆனா உள்ள ஏதோ செத்துக் கிடக்கு."

"இவங்க வீட்டுலதான்," என்றாள் ஸ்லாத்கா. "பொண்டாட்டி பட்டறை போட்டிருக்காளே. தட்டுறா, கொளுத்துறா, இப்ப விஷம் காய்ச்சுறா."

கட்டடப் பொறுப்பாளர் பென்யோவை உனக்குத் தெரியும். இப்படி ஒரு நாளுக்காகவே பிறந்தவர். "குடியிருக்கிற வீட்டுல பட்டறைக்கு இடம் கிடையாது. இப்பவே எல்லாரும் இருக்கீங்க. கையைத் தூக்குங்க, இன்னியோட நிறுத்திடலாம். ரங்கேல், நீ என்ன சொல்ற?"

என்ன சொல்வது? இதற்காகத்தானே நான் ஒவ்வொரு மத்தியானமும் காத்திருந்தேன். சும்மா நின்றால் போதும், கைகள் தாமாக உயரும். அப்போது என் வாய், என்னைக் கேட்காமல், "அது பட்டறை நாத்தம் இல்ல. நிலவறையில உப்புத் தண்ணியில ஊறுற என் கோஸ் கெட்டுப்போச்சு" என்றது.

ஒருவர் தொப்பியைக் கழற்றினார். நிலவறையில் யாருடைய பீப்பாயில் என்ன ஊறினாலும், புத்தாண்டுக்குப் பிறகு தலை கனக்கும்போது கோஸ் ஊறிய தண்ணீருக்காக எல்லோரும் குவளையோடு வந்து நிற்பது என் பீப்பாய் முன்னால்தான் என்பது உனக்குத் தெரியும். எல்லோரும் கீழே இறங்கினார்கள். மூடியைத் திறந்தேன். தெமெனுகா, அது இந்த வருஷம் அமைந்த மாதிரி என்றுமே அமைந்ததில்லை. இலை ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி. ஆனால் எல்லோர் மூக்கிலும் உன் அம்மாவின் கந்தகம் ஏறியிருந்தது, பூவை நீட்டியிருந்தாலும் மூக்கைப் பொத்தியிருப்பார்கள். முந்தின வாரம்தான் இதே கோஸை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போன பென்யோ, குனிந்து மோந்துபார்த்துவிட்டு, "போன வாரமே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துது" என்றார். நாலு பேர் பீப்பாயைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். ஸ்லாத்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். நானும் கூடவே நடந்தேன், வீட்டுச் செருப்போடு. இறந்தவரின் குடும்பம் என்ற முறையில்.

ஆகையால், மகளே, இந்தக் கடிதம் கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் செய். பின்னல் வேலை கண்ணுக்கு நல்லது, கைக்கு நல்லது, அண்டை வீட்டாருக்கு நல்லது என்று சொல். நாலு உருண்டை கம்பளி நூல் அனுப்பிவிட்டு அந்தப் பெட்டியைத் திரும்பக் கேள். நீ சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் அந்தச் சுத்தியல்கூடக் கேட்பதில்லை.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் நல்ல உடம்பும், நல்ல தூக்கமும், கையில் சுத்தியல் எடுக்காத அண்டை வீட்டாரும் அமையட்டும் என்று வாழ்த்தும்,

அப்பா ரங்கேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஸ்லாத்கா படிக்கட்டில் அம்மாவை நிறுத்திக் கோஸுக்காகத் துக்கம் விசாரித்துவிட்டாள். அம்மா நிலவறைக்குப் போய்க் காலிப் பீப்பாயைப் பார்த்துவிட்டு மேலே வந்தாள். கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து உன் பெட்டியில் அடுக்கி அலமாரி மேல் வைத்தாள். "போதும் ரங்கேல். எனக்கு ஆசை தீந்துபோச்சு" என்றாள். அதிலிருந்து தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது என்கிறாள். மத்தியானம் வீடு அப்படியே நிசப்தமாக இருக்கிறது. நான் படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறேன், தூக்கம் வருவதில்லை. அதனால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. அவளுக்குப் போன் செய்து உனக்கு ஒரு ஜோடி தோடு வேண்டும் என்று கேள். வேலையிடத்தில் எல்லோரும் கேட்கிறார்கள் என்று பொய் சொல், கோஸைப் பற்றி நான் சொல்லவில்லையா. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. கஷ்டமான வடிவமாகப் பார்த்துக் கேள், நிறையத் தட்ட வேண்டியதாக.