நாற்பத்தெட்டில் ஒன்று குறைய

இந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தெட்டைத் தீர்த்துக்கட்டிவிடுவது என்று அடுசே வாத்தியார் முடிவு செய்தார்.

மாம்போங் பள்ளியில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அந்த எண்ணோடு அவருக்கிருந்த பகை சொந்தப் பகை. கல்யாணமாகி முப்பத்தொரு வருடமாகியும் மனைவி கொனாடு அவள் அம்மா வீட்டில், இவர் தன் அக்கா வீட்டில். அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். சாயங்காலமானால் அவள் வீட்டிலிருந்து ஃபூஃபூக் களியும் கடலைக் குழம்பும் மூடிபோட்டு வரும். போன வருடம் அக்கா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு எட்டு அறைகளில் ஒற்றை ஆளாக இருமுவது அவருக்குத் தாங்கவில்லை.

இங்கேயே வந்துவிடேன் என்று கொனாடுவைக் கேட்டார். அம்மா வீட்டில் தங்கைகளோடு ராணி மாதிரி இருப்பவள் சிரித்தாள். ஓவாரே என்கிற அந்த ஊர்ப் பல்லாங்குழியில் ஒருதரம் ஜெயித்துக் காட்டினால் வருவதாகச் சொன்னாள்.

பன்னிரண்டு குழி, குழிக்கு நாலு கழற்சிக்காய். விதிகளை வாத்தியாரே எழுதினார். காய் தொலைந்தால் அது குறைவாக எடுத்தவருக்கு. காயைத் திருடினால் ஆட்டம் அன்றோடு சரி, பிறகு வா என்று ஜென்மத்துக்கும் கேட்கக் கூடாது. பதினோரு வாரம் ஆடினார்கள். பதினோரு வாரமும் இருபத்திநாலுக்கு இருபத்திநாலு.

குற்றவாளி நாற்பத்தெட்டுதான். வெட்கங்கெட்ட எண். இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு என்று எவன் வந்து கேட்டாலும் மீதியில்லாமல் பிரிந்து கொடுத்துவிடும். வகுக்கும் எண்கள் மட்டும் பத்து. நாற்பத்தேழோ மானஸ்தன். பகா எண், ஒற்றைப்படை, யாருக்கும் பாதியாகாது. சமம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே ஒரு காய் சட்டைப்பைக்குள் போனது. ஓரக்குழியில் மூன்றைக் குவித்து நாலு மாதிரி வைத்தார். கொனாடு வந்தாள், பலகையைப் பார்த்தாள், உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவர் கை ஓடியது. பலகை காலியானபோது எண்ணிப் பார்த்தார். இருபத்திநாலு. நெஞ்சு நிறைந்துபோனது. அக்காவின் அறையை அவளுக்கே கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தார்.

"ஜெயிச்சுட்டேன்டி."

"இருபத்திநாலுதானே? பாதிதானே அது. எப்படி ஜெயிப்பாகும் வாத்தியாரே?"

"உன்கிட்ட இருக்கறத எண்ணிப் பாரு. இருபத்திமூணுதான்."

"அப்ப மீதி ஒண்ணு எங்க?"

வாத்தியார் குனிந்து பலகைக்கடியில் தேடுவதுபோல் பார்த்தார். மொத்தமே நாற்பத்தேழு என்று சொன்னால் ஜெயித்தவர் அவர்தான். சொன்னால் திருடனும் அவர்தான். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மூளைக்கு இந்த ஒரு கழித்தல் தோன்றாமல் போயிற்றே என்று குமைந்தார்.

"கீழ எங்கயாவது உருண்டிருக்கும்," என்றார்.

"தொலைஞ்சது கொறச்சலா எடுத்தவங்களுக்குத்தானே? நீங்க எழுதினது. இருபத்திநாலு, இருபத்திநாலு. சமம்."

அவள் எழுந்து குழம்புச் சட்டியைக் கழுவிக் கூடையில் வைத்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இரு என்பது அவர் வாய்வரை வந்தது; கூடையை எடுத்துக் கொடுத்தார். வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"நான் போயிட்டு வரேன். சட்டைப்பையில இருக்கே ஒண்ணு, அது துணைக்கு இருக்கட்டும்."